கூழைக்கடாவுக்கு ஒரு டிசி

வேடந்தாங்கல் ஏரியில் ஒழுங்கு அடியோடு கெட்டுக் கிடக்கிறது. யாரும் வாய் திறக்காததால் நான் சொல்லிவிடுகிறேன்.

கார்த்திகை பிறந்தால் போதும், எங்கெங்கிருந்தோ வந்து இறங்கிவிடுகின்றன. விண்ணப்பப் படிவம் இல்லை, நேர்காணல் இல்லை, நன்கொடை இல்லை. நத்தைகுத்தி நாரை வந்த கையோடு மரத்தின் உச்சிக்கிளையைப் பிடித்துக்கொள்கிறது. உயர வரிசையில் நிற்க வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. பாம்புத்தாரா தண்ணீரில் முங்கி எழுந்து, இறக்கை இரண்டையும் விரித்துப் போட்டுக்கொண்டு எங்கேயோ வெறிக்கிறது. கூப்பிட்டால் திரும்புவதில்லை, முகம் பார்ப்பதில்லை. அரிவாள்மூக்கன் சேற்றில் குத்திய இடத்தையே குத்திக்கொண்டிருக்கிறது. கூழைக்கடாவுக்குச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை காத்திருக்கும் பழக்கம் இல்லை. கழிப்பறைப் பயிற்சி ஒன்றுக்குமே கிடையாது, மரமெல்லாம் வெள்ளை. போடுகிற கூச்சலோ மதுராந்தகம் சாலைவரை கேட்கும்.

இதையெல்லாம் தலைமுறை தலைமுறையாகச் சகித்துக்கொண்ட ஊரை என்னவென்று சொல்ல? தீபாவளிக்கு அங்கே வெடி வெடிப்பதில்லை. பறவை பயந்துகொள்ளுமாம். எச்சம் கலந்த ஏரித் தண்ணீரை மதகு வழியாக வயலுக்கு விட்டுவிட்டு, உரச் செலவு மிச்சம் என்கிறார்கள். செல்லம் கொடுத்துக் கெடுப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இந்த மாவட்டத்தில் கிடையாது.

இந்தச் செல்லம் கும்பினி காலத்திலேயே தொடங்கிவிட்டது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டரிடம் போய் நின்றார்கள். கலெக்டர் பெயர் லயோனல் பிளேஸ். வரி வசூலில் இரக்கம் காட்டியவர் என்று அவரை யாரும் புகழ்ந்ததில்லை. அப்பேர்ப்பட்டவர் 1798 வாக்கில் பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊருக்கு ஒரு கவுல், அதாவது உறுதிப் பத்திரம், எழுதிக்கொடுத்தார். 1858-ல் கலெக்டர் ஆணை அதை மறுபடி உறுதி செய்தது. இன்று ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குச் சரணாலயம். 2020-ல் அதில் இரண்டு கிலோமீட்டரைக் கழித்துக்கொள்ளலாமே என்று ஒரு முன்மொழிவு கிளம்பியது. ஊரும் நாடும் போட்ட சத்தத்தில் அது படுத்துவிட்டது. 2022-ல் உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் ஏரியின் பெயர் ஏறிவிட்டது.

என் யோசனை எளிமையானது. இந்த ஏரியை ஒரு கல்வியாண்டுக்கு நம் மாவட்டத்து ஆங்கிலப் பள்ளித் தாளாளர் யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். அவர் முதல் வேலையாகக் கரையில் நான்கு ஒலிபெருக்கி கட்டுவார். காலை வழிபாட்டுக்கு எல்லாப் பறவையும் இறக்கையைக் கட்டி, அலகைப் பொத்தி நிற்க வேண்டும். அடங்காத நாரை வெயிலில் முட்டி போடும். இறக்கையை விரிக்கும் பாம்புத்தாராவின் கையை மேசையோடு அழுத்திப் பிடிக்க ஓர் ஆயா. அலகு கோணலாக இருக்கும் அரிவாள்மூக்கனின் தாய் தன் செலவில் ஒரு ஷேடோ டீச்சரை அனுப்பிவைப்பாள். கடைசியாகக் கூழைக்கடாவின் அப்பாவையும் அம்மாவையும் அறைக்குள் கூப்பிட்டு, மின்விசிறியை ஒன்றில் வைத்து, மென்மையான குரலில் சொல்வார்: “நாங்க முடிஞ்ச வரைக்கும் பார்த்துட்டோம்மா. உங்க குழந்தைக்கு ஏத்த ஏரி இது இல்ல. கரிக்கிலி பக்கம் விசாரிச்சுப் பாருங்களேன்.”

பறவைக்கு இதைச் செய்தால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும். பிள்ளைக்குச் செய்தால் ‘கண்டிப்பான ஸ்கூல்’ என்று பெயர் வரும், அடுத்த ஆண்டு அட்மிஷன் கூடும்.

ஆட்டிசம் உள்ள பிள்ளை, ஏடிஎச்டி உள்ள பிள்ளை, அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளை, பேச்சு வராத பிள்ளை என்று தனித்தனியாகச் சொன்னால் நம் பள்ளிகளுக்குப் புரிவதில்லை. அங்கே ஒரே வகைதான்: சொன்ன பேச்சு கேட்காத பிள்ளை. ஏன் கேட்கவில்லை என்பது பாடத்திட்டத்திலேயே இல்லை. ஒலிபெருக்கியில் கீச்சென்று சத்தம் வந்ததும் அவன் காதைப் பொத்திக்கொண்டு ஓடினான். ஓடியது பதிவேட்டில் ஏறியது, கீச்சென்றது ஏறவில்லை. சித்திரை வெயிலில் கழுத்து டை அரிக்கிறது, பிய்த்து எறிந்தான். மினுக்கிக்கொண்டே இருக்கும் குழல்விளக்குக்குக் கீழே உட்கார முடியாமல் மேசைக்கு அடியில் போய்ப் படுத்தான். நாலு பேர் சேர்ந்து இழுத்தார்கள், ஒருவர் கையைக் கடித்தான். கடி மட்டும் புகைப்படம் எடுக்கப்பட்டு அம்மாவின் வாட்ஸ்அப்புக்குப் போனது. இழுத்த நாலு பேர் படத்தில் இல்லை.

அடுத்த நாள் காலை அம்மா வாசலில் நிற்பாள். அப்பா வரமாட்டார், அவருக்கு லீவு கிடையாது. அவளுக்குச் சொல்லப்படுவது எல்லாப் பள்ளியிலும் ஒரே மாதிரி இருப்பதைப் பார்த்தால், இதற்கென்று எங்கோ ரகசியமாகப் பயிற்சி கொடுக்கிறார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது. வீட்டுல ரொம்ப செல்லமா? போன் அதிகமா பார்க்கிறானா? மத்த பேரன்ட்ஸ் கம்ப்ளெய்ன்ட் பண்றாங்கம்மா. டாக்டர்கிட்ட சொல்லி டோஸை ஏத்தச் சொல்லுங்க. பத்தரை மணிக்கு மேல வெச்சுக்க முடியாது, வந்து கூட்டிட்டுப் போயிடுங்க. ஃபீஸ் மட்டும் ஃபுல் டேக்குத்தான். இதற்கு நடுவே அவளுடைய மாமியார் வேறு, “எங்க வம்சத்துல இப்படி யாரும் இல்ல” என்று சான்றிதழ் கொடுத்திருப்பாள்.

சிறப்புப் பயிற்றுநர் ஒருவரை வையுங்களேன் என்று கேட்டால், “இந்த ஏரியால ஆள் கிடைக்க மாட்டேங்குது மேடம்” என்பார்கள். முட்டுக்காட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரத்தில், பன்முக மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. சிறப்புக் கல்விக்கு ஆசிரியர்களை உருவாக்குவதே அதன் வேலைகளில் ஒன்று. பள்ளியின் சுற்றுலாப் பேருந்து முதலைப் பண்ணைக்குப் போகும்போதெல்லாம் அதன் வாசலைத் தாண்டித்தான் போகிறது. முதலைக்கு நிறுத்தத் தெரிந்த ஓட்டுநருக்கு அங்கே நிறுத்தத் தெரியவில்லை.

கருத்தரங்குகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். மாமல்லபுரத்துக் கடற்கரை விடுதியில், குளிரூட்டிய அரங்கில், ‘சவாலான நடத்தையைக் கையாளுதல்’ என்ற தலைப்பில் பேச ஒரு நிபுணர் வருவார். மதியம் பஃபே. பிள்ளையை உட்காரவைப்பது எப்படி, கையை ஆட்டாமல் வைப்பது எப்படி, முகம் பார்க்கவைப்பது எப்படி என்று ஸ்லைடு ஸ்லைடாக ஓடும். அவன் என்ன சொல்ல வருகிறான் என்பதற்கு ஸ்லைடு இருக்காது. அமர்வு முடிந்ததும் எல்லோரும் அர்ச்சுனன் தபசுப் பாறை முன்னால் குழுவாகப் படம் எடுத்துக்கொள்வார்கள். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி ஒருவன் அந்தப் பாறையில் ஒரு பூனையைச் செதுக்கியிருக்கிறான். முன்னங்கால் இரண்டையும் தலைக்கு மேலே தூக்கிப் பரம பக்தியோடு தவம் செய்கிறது. காலடியில் எலிகள் நம்பிக் கூடியிருக்கின்றன. தமிழ்நாட்டு அங்கதத்துக்கு அதைவிடப் பழைய கல் சாட்சி எனக்குத் தெரியாது. நம் வகுப்பறைகளில் அதே போஸில் கையைத் தூக்கிப் பெஞ்சு மேல் நிற்பது பிள்ளை. பூனை மைக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அடக்குவதற்கு விஞ்ஞானமும் ஒத்தாசை செய்திருக்கிறது. 1965-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஐவார் லோவாஸும் இரண்டு கூட்டாளிகளும் ஐந்து வயது இரட்டைக் குழந்தைகளை ஓர் அறையில் விட்டார்கள். தரையில் மின்சாரம். பெரியவர் கூப்பிட்டதும் ஓடிவந்தால் அதிர்ச்சி நிற்கும். குழந்தைகள் ஓடிவந்தார்கள். மின்சாரம் பாயும் தரையில் நின்றால் அந்த ஆராய்ச்சியாளர்களும் ஓடித்தான் வந்திருப்பார்கள். ஆனால் இதற்குச் சமூக நடத்தையை வளர்த்தல் என்று தலைப்பு வைத்துக் கட்டுரை வெளியிட்டார்கள். அதே ஆண்டு லைஃப் பத்திரிகை அவர்கள் பிள்ளைகளை அறைவதைப் படம் போட்டு வெளியிட்டது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கான்டன் என்ற ஊரில் ஜட்ஜ் ரோட்டன்பர்க் மையம் என்று ஒன்று இருக்கிறது. பிள்ளையின் உடலில் கருவியைக் கட்டி, ஊழியர் கையில் ரிமோட்டைக் கொடுத்து, பேச்சு கேட்காவிட்டால் ஷாக் கொடுப்பது அங்கே சிகிச்சை. 2020-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அந்தக் கருவியைத் தடை செய்தது. 2021-ல் நீதிமன்றம் தடையை நீக்கியது. 2024-ல் மறுபடி தடைக்கு முன்மொழிவு. உலகத்திலேயே பணக்கார நாடு ஒரு பிள்ளைக்கு ஷாக் கொடுக்கலாமா கூடாதா என்று இத்தனை ஆண்டாக யோசிக்கிறது. நம் ஊரில் மின்வெட்டு உண்டு என்பதால் ஸ்கேலோடு நிற்கிறோம்.

மாற்று வழி ஏதோ இமயமலைக் குகையில் இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். 1985-லேயே எட்வர்ட் கார், மார்க் டூராண்ட் என்ற இரண்டு பேர் அதே நடத்தை ஆய்வின் உள்ளிருந்தே ஒன்றைக் காட்டினார்கள். நான்கு பிள்ளைகள். அடிப்பது, கடிப்பது, கத்துவது எல்லாம் உண்டு. எப்போது கத்துகிறார்கள் என்று உட்கார்ந்து கவனித்தார்கள். சிலருக்குப் பாடம் கடினமாகும்போது, சிலருக்கு யாரும் கண்டுகொள்ளாதபோது. முதல் வகைக்கு “எனக்குப் புரியல” என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டாம் வகைக்கு “நான் சரியா செய்யறேனா?” என்று கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள். கத்தல் குறைந்துவிட்டது. தண்டனை இல்லை, மாத்திரை இல்லை. அந்தப் பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டது ஒரு வாக்கியம். பேச்சு வராத பிள்ளைக்கு அதே வாக்கியத்தைப் படமாகக் கொடுக்கலாம். ‘போதும்’ என்று படம் போட்ட அட்டை ஒன்று, ‘வெளியே போகணும்’ என்று இன்னொன்று. லேமினேஷன் செலவு ஒரு டீக்குப் பக்கத்தில் வரும். பிள்ளைக்குப் பதில் பேசும் அவாஸ் என்ற செயலி சென்னையிலேயே, வித்யாசாகர் அமைப்பின் பிள்ளைகளோடு சேர்ந்து உருவானது. ஆனால் அட்டையைக் கொடுத்தால் ஒரு தொல்லை இருக்கிறது. பிள்ளை ‘போதும்’ என்று காட்டுவான். காட்டினால் நிறுத்த வேண்டியிருக்கும். ஆசிரியர் ஒரு மாணவனின் பேச்சைக் கேட்டதாக ஆகிவிடும். எந்த நிர்வாகம் இதை அனுமதிக்கும்?

ஆக, பேச்சு கேட்காதது யார் என்று கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17: உடல் தண்டனை கூடாது, மனரீதியான துன்புறுத்தல் கூடாது. சட்டம் பேச்சாகச் சொல்லவில்லை, எழுதியே வைத்திருக்கிறது. கேட்டார்களா? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 16: அரசு நடத்துகிற பள்ளி மட்டுமில்லை, அரசு அங்கீகரித்த பள்ளியும் பாகுபாடில்லாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவரவர் தேவைக்கேற்ற ஏற்பாடு செய்துதர வேண்டும். அங்கீகாரச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள். அதோடு வந்த நிபந்தனையை எந்த அறையில் மாட்டினார்கள்? 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தொடக்க வகுப்புகளில் பத்துச் சிறப்புப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் பதினைந்துக்கு ஒருவர் என்று சொன்னது. மாநிலங்கள் காதைப் பொத்திக்கொண்டன. 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம், முதலில் எத்தனை பணியிடம் தேவை என்றாவது அறிவியுங்கள் என்று மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. முதல் தடவை சொல்லி ஏறக்குறைய மூன்றரை ஆண்டு ஆகியும் இடத்தைவிட்டு அசையாத பிள்ளையை நம் தலைமையாசிரியர்கள் என்ன செய்வார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. மாநிலங்களுக்கு யாரும் முட்டி போடச் சொல்லவில்லை.

முட்டி போடச் சொன்ன ஒரு சம்பவமும் உண்டு, ஆனால் அது வேறு விஷயத்துக்கு. ஒன்றிய அரசின் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று தமிழ்நாடு சொன்னது. புதிய கல்விக் கொள்கை வேண்டாம், மும்மொழி வேண்டாம் என்றது. ஒன்றிய அரசு சமக்ர சிக்ஷா திட்டத்தில் 2024-25-க்கு வரவேண்டிய ரூ.2,152 கோடியை நிறுத்தி வைத்தது. சொன்ன பேச்சு கேட்காத மாநிலத்துக்கு ஸ்டார் கிடையாது, சாக்லேட் கிடையாது. நடத்தை மாற்றப் பாடப்புத்தகத்தில் முதல் அத்தியாயமே இதுதான். இதில் வேடிக்கை என்னவென்றால், அரசுப் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சிறப்புப் பயிற்றுநர்களின் தொகுப்பூதியம் அந்தத் திட்டத்தில்தான் வருகிறது. ஒரு வட்டார வள மையத்திலிருந்து கிளம்பி, பேருந்தே வராத ஊர்களில் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கும் ஒப்பந்த ஊழியர்கள் அவர்கள். வீட்டிலேயே படுத்திருக்கும் பிள்ளையைத் தேடிக் கதவைத் தட்டுகிறவர்களும் அவர்களே. டெல்லிக்கும் சென்னைக்கும் வீம்பு; அடி விழுந்தது படப்பை தாண்டி ஏதோ ஒரு கிராமத்தில், வாரத்துக்கு ஒருமுறை வரும் அக்காவுக்காகத் திண்ணையில் காத்திருக்கும் பிள்ளை மேல். மாநில உரிமைக்காகச் சண்டை போட வேண்டியதுதான், நானும் கைதட்டுகிறேன். ஆனால் சிறப்பாசிரியரை நிரந்தரமாக நியமிக்க மாநில அரசின் கையைப் பல ஆண்டாக எந்த டெல்லி பிடித்துக்கொண்டிருந்தது?

நகைச்சுவை இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. அடங்கவில்லை என்றால் அடக்கு என்ற கொள்கை கடைசியில் எங்கே போய் முடியும் என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி சொல்லும். 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி: சங்கிலியில் கட்டிப்போட்ட மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். ஓட முடியவில்லை, ஓடக் கூடாது என்பதற்காகத்தான் கட்டியிருந்தார்கள். 2022 டிசம்பர் 31, செங்கல்பட்டு அரசினர் கூர்நோக்கு இல்லம்: திருட்டு வழக்கில் கொண்டுவந்த பதினேழு வயதுப் பையனை இல்லத்துப் பணியாளர்களே அடித்ததில் செத்துப்போனான் என்று வழக்கு. இது வேறு பட்டியல் என்பீர்கள். பட்டியல் வேறு, பிரம்பு ஒன்று. 2025 மே, பொள்ளாச்சி: அறிவுசார் குறைபாடு உள்ள, இருபதைத் தாண்டிய இளைஞன். பராமரிப்பு மையத்தில் அவனை அடித்துக் கொன்று, தோட்டத்தில் புதைத்துவிட்டு, அழைத்துப்போன இடத்தில் காணாமல் போய்விட்டான் என்று வீட்டுக்குச் சொன்னதாக மையத்தினரைப் போலீஸ் கைது செய்தது. அப்பாவும் அம்மாவும் அவனைப் பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் என்றுதான் அங்கே விட்டிருந்தார்கள். செய்தி ஒரு வாரம் ஓடியது. அடுத்த வாரம் வேறு செய்தி.

இவர்கள் எல்லாம் கொடூரர்கள், நாங்கள் அப்படியா என்று தாளாளர் கேட்பார். இல்லை ஐயா. நீங்கள் அடிப்பதில்லை, மரியாதையாக அனுப்பிவைக்கிறீர்கள். வெளியே அனுப்பிய பிள்ளை எங்கே போகிறான் என்று ஒரு தடவையாவது விசாரித்ததுண்டா? ஊர்ப் பள்ளி வேண்டாம் என்றதும் வேறு பள்ளி, அதுவும் வேண்டாம் என்றதும் ஒரு சென்டர், அதற்குப் பணம் கட்ட முடியாமல் போனதும் வீட்டுக்குள் பூட்டு, வயதாகி அம்மாவுக்கு இடுப்பு விட்டதும் பெயர் தெரியாத ஒரு காப்பகம். அந்தச் சாலை உங்கள் வாசலில்தான் ஆரம்பிக்கிறது.

அனுப்பிவைக்கும் கலையிலும் நீங்கள் கைதேர்ந்தவர்கள்தான். கல்வி உரிமைச் சட்டத்திலும் ஒரு பதினாறாம் பிரிவு இருக்கிறது. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. அதனால் நீங்கள் நீக்குவதில்லை. வெள்ளைத் தாள் ஒன்றைப் பெற்றோர் முன்னால் நகர்த்தி, பேனா மூடியைத் திறந்து கையிலும் கொடுத்து, “சொந்தக் காரணங்களுக்காக டிசி தேவைப்படுகிறது”ன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துடுங்கம்மா, ரெக்கார்டுல பையனுக்குக் கெட்ட பேர் வராது, என்கிறீர்கள். அவளும் மூன்று வாரம் தூங்காத கண்ணோடு எழுதிக்கொடுத்துவிடுகிறாள். நன்றி என்றுகூடச் சொல்லிவிட்டு வருகிறாள்.

அம்மா, அந்தப் பேனாவை வாங்குங்கள். ஆனால் அவர் சொன்னதை எழுதாதீர்கள். தேதி போடுங்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் கையைப் பிடித்து இழுத்தார், எந்த அறையில் தனியாக உட்காரவைத்தார், பத்தரை மணிக்கு அழைத்துப்போகச் சொல்லி எத்தனை தடவை போன் வந்தது என்று வரிசையாக எழுதுங்கள். சிறப்பாசிரியர் யார் என்று கேட்டு, அதற்கு அவர் சொல்லும் பதிலையும் எழுதுங்கள். ஒரு படி மாவட்டக் கல்வி அலுவலருக்கு, ஒன்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு, இன்னொன்று மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு. காரணம் என்று போட்டிருக்கும் இடத்தில் இப்படி எழுதுங்கள்: பலமுறை எடுத்துச் சொல்லியும் தலைமையாசிரியர் சட்டத்துக்குக் கீழ்ப்படிய மறுக்கிறார், கவனம் சிதறுகிறது, அவருக்குத் தனிப் பயிற்சி தேவைப்படுகிறது, அதுவரை என் பிள்ளை இந்தப் பள்ளியிலேயே இருப்பான்.